மண்டைப் புஸ்தகம்

லாரிக்காரர் கடைசிப் பெட்டியையும் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் சதேந்திரா எண்ணிப் பார்த்தார். இருபத்தைந்து பெட்டிகள். கடைவாசலில் ஆரம்பித்து உள்ளே நோட்டுப் புத்தக அலமாரி வரைக்கும் இரண்டு வரிசையாக நின்றன. கல்லாவுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பெட்டியின் மேல் ஏறி இறங்க வேண்டும்.

அவருக்கு வேண்டியிருந்தது இருபத்தைந்து புத்தகம்.

சதேந்திரா கரும்பு விளையும் அந்தத் தீவு நாட்டில், லௌடோகா நகரத்தின் அந்தப் புத்தகக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பாடப்புத்தகப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். ஊரில் மாலை வகுப்பு நடத்தும் கல்லூரி ஒன்று சைக்காலஜிப் பாடத்துக்கு இருபத்தைந்து பிரதி கேட்டிருந்தது. சிட்னிக்கு ஆர்டர் ஃபாரம் எழுதிப் போட்டவர் அவரேதான். கடையில் கூட வேலை செய்யும் சுஷீலா அதன் நகலைத் தேடி எடுத்து வந்து காட்டினாள். பிரதிகள் என்று போட்டிருந்த கட்டம் காலியாக இருந்தது. பெட்டிகள் என்ற கட்டத்தில், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், இருபத்தைந்து.

சரி, வாங்க வேண்டியவர்கள் ஒரு பெட்டியையாவது வாங்கட்டும் என்று கல்லூரிக்குப் போன் செய்தார். சைக்காலஜி வாத்தியார் போன வாரம்தான் குடும்பத்தோடு வான்கூவருக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். மாணவர்களில் பாதிப்பேரும் விமானம் ஏறிவிட்டதால் வகுப்பையே மூடிவிட்டார்களாம்.

அது 1987 ஜூலை. ராணுவம் பார்லிமெண்டுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடங்களில் சோசியல் சயன்ஸ் வாத்தியார்கள் 'நமது அரசாங்கம்' என்ற பாடத்தை மட்டும் தாண்டி அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாடி விமான நிலையத்தில், நாட்டை விட்டுப் போகும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களை வழியனுப்ப வருகிற கூட்டம் வாரா வாரம் கூடிக்கொண்டே போனது. கடை முதலாளி ராஜேந்திரா கூட, இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஆக்லாந்துக்குப் போனவர்தான். திங்கட்கிழமைதோறும் போன் மட்டும் வந்தது. அக்டோபரில் ஒருமுறை வந்து பார்த்து, கடையை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். கடையை மூடினால் சதேந்திராவுக்கும் சுஷீலாவுக்கும் வேலை இல்லை. முதலாளி வரும்போது இந்தப் பெட்டிகள் இப்படியே நின்றால் என்ன முடிவு எடுப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சதேந்திரா பதிப்பகத்துக்குத் தந்தி அடித்தார். தவறு நடந்துவிட்டது, சைக்காலஜிப் புத்தகம் விஷயமாக உடனே உதவ வேண்டும் என்று. பதிப்பகம் உடனே உதவியது. மூன்று வாரம் கழித்து மேலும் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. ஆசிரியர்களுக்கான கைடு, இலவசம்.

பிறகு வாசலில் ஒரு பலகை வைத்தார். 'மனித மனத்தை அறிந்துகொள்ளுங்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. புத்தகத்தின் அட்டையில் ஒரு மனிதத் தலையைக் குறுக்கே வெட்டி, உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்கள் சுற்றுவதுபோல் படம் போட்டிருந்தார்கள். அதையும் எடுத்துப் பலகையில் மாட்டினார். ஒரு வாரம் முழுக்க வந்தவர்களில் ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் பதினோரு பேர், பெட்டி காலியானால் சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டு போனார்கள். எல்லாரும் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவினேஷ் வந்தான். வட்டுகோலாவில் தங்கச் சுரங்க ஆபீஸில் குமாஸ்தா. சூட்கேஸில் ஒட்ட விலாசச் சீட்டு வாங்க வந்தவன், சில்லறைக்குப் பதிலாக வாங்கிய சீட்டையே திருப்பி நீட்டினான். சதேந்திரா என்னவென்று விசாரித்தார். அடுத்த வாரம் தலைநகர் சூவாவில் விசா இன்டர்வியூவாம். வெள்ளைக்காரர் எதிரே உட்கார்ந்தால் தன் பெயரே மறந்துவிடுகிறது என்றான்.

சதேந்திராவுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. புத்தகத்தின் பதினோராம் பாடம் இன்டர்வியூவைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்து, இதைப் படித்தால் பயம் கொஞ்சம் குறையும் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தபோதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

அவினேஷுக்கு விசா கிடைத்துவிட்டது.

அவன் வட்டுகோலாவிலிருந்து தவுவாவுக்கு வரும் பஸ்ஸிலும், தவுவாவிலிருந்து லௌடோகாவுக்கு வரும் பஸ்ஸிலும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தான். கடையில் நுழைந்து சதேந்திராவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். அது அப்படியே அறுபத்து நான்காம் பக்கத்தில் இருக்கிறதாம். பஸ்ஸில் கூட வந்த ஒன்பது பேர் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள்.

மறுநாள் முதல் பெட்டி காலி. அதற்கு மறுநாள் இரண்டு பெட்டிகள். சனிக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நின்றது. புத்தகத்தின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'அந்த மண்டைப் புஸ்தகம்' என்று கேட்டார்கள். சுஷீலா ஓடி ஓடிக் கொடுத்தாள். அவள் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத சிரிப்பு. சதேந்திராவும் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாளும் சிரித்தார். மூன்றாம் நாள் வரிசையில் கன்னையா நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கன்னையா ட்ராசாவில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கரும்பு போடுகிறவர். அறுபது வயதுக்கு மேல். இங்கிலீஷில் தன் பெயரைத் தவிர வேறெதுவும் படிக்க வராது. சதேந்திரா அவரை ஓரமாக அழைத்துப் போனார். கடையில் பேச்செல்லாம் இந்தியில்தான் நடக்கும். இதைத் தமிழில் சொன்னால்தான் பதியும் என்று தோன்றியது.

"மாமா, இது காலேஜில படிக்கிற புஸ்தகம். இதுக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்ல."

கன்னையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ அப்படித்தான் சொல்லணும்னு அவுங்க உத்தரவு போட்டிருப்பாங்க. எனக்குத் தெரியாதா தம்பி? ரெண்டா குடு. வீட்டுக்காரி ஜான்கிக்கு ஒண்ணு."

"படிக்கிறது யாரு?"

"மருமவ படிச்சிச் சொல்லுவா. நாங்க நெட்டுரு போட்டுக்கிறோம்."

அன்று மாலையே சதேந்திரா உட்கார்ந்து ஒரு அறிவிப்பு எழுதினார். 'இந்தப் புத்தகத்துக்கும் எந்த விசா ஆபீஸுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்று இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். நியாயமான காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வரிசை இருமடங்காகி, பக்கத்துத் துணிக்கடை வாசலையும் தாண்டிப் போயிருந்தது. ஆபீஸிலிருந்து மிரட்டியிருக்காவிட்டால் ஒரு கடைக்காரர் எதற்காக இப்படியொரு அறிவிப்பு ஒட்டப்போகிறார் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நாடியிலிருந்து மட்டும் இரண்டு வாடகை வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சதேந்திரா முதல் முறையாகப் புத்தகத்தைக் கருத்தாகப் புரட்டினார். வதந்தி என்று ஒரு பாடமே இருந்தது. மக்கள் பயந்துபோயிருக்கும் காலத்தில் வதந்தி வேகமாகப் பரவும். மறுத்துச் சொல்பவரே அதை அதிகம் பரப்புகிறவர் ஆகிவிடுவதுண்டு என்று போட்டிருந்தது. அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் போய் அறிவிப்பைக் கிழித்து எடுத்தார்.

அவர் கிழிப்பதை வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "எடுக்கச் சொல்லிட்டாங்க" என்று முன்னால் நின்ற அம்மாள் பின்னால் திரும்பிச் சொன்னாள்.

செப்டம்பரில் ராணுவம் இரண்டாவது தடவையும் ஆட்சியைப் பிடித்தது. முதல் தடவை மனுப் போடாதவர்களும் இப்போது போட்டார்கள். இனி இந்தப் புத்தகத்தை விற்பதில்லை என்று சதேந்திரா தீர்மானித்து, மிச்சமிருந்த எட்டுப் பெட்டிகளையும் பின்கட்டில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லும்படி சுஷீலாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்டைப் புஸ்தகத்தை அரசாங்கம் தடை செய்துவிட்டது என்று அன்று மாலைக்குள் செய்தி நாடி வரை போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் கடைவாசலில் ராணுவ ஜீப் ஒன்று வந்து நின்றது.

துப்பாக்கியோடு ஒரு ராணுவக்காரர் இறங்கினார். வாட்டசாட்டமான ஆள். கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் பென்சில் பெட்டிகளை ஆராய ஆரம்பித்தார்கள். அவர் நேராக வந்து, அந்தத் தலைப்படம் போட்ட புத்தகம் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார்.

சதேந்திரா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அது வெறும் பாடப்புத்தகம், அதில் அரசியல் ஒரு வரிகூட இல்லை, பெட்டி கணக்கில் தவறாக எழுதிவிட்டேன், என் குற்றம்தான் என்று முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். பின்கட்டுக்கு அழைத்துப் போய்த் தார்ப்பாயையும் விலக்கிக் காட்டினார். ராணுவக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"என் தங்கச்சி நர்ஸ். அடுத்த மாசம் அவளுக்கு இன்டர்வியூ. ஒண்ணு குடுங்க. வரிசையில நிக்கணும்னா நிக்கிறேன்."

சதேந்திரா கொடுத்தார். வேறென்ன செய்ய முடியும்? ஜீப் கிளம்பிய பத்தாவது நிமிடம், ராணுவமே வந்து வாங்கிக்கொண்டு போகிறது என்று தெருமுழுக்கத் தெரிந்துவிட்டது. தார்ப்பாயை மறுபடியும் மூட வழியில்லை.

கடைசியாக ஒரே ஒரு வழிதான் பாக்கி என்று அவருக்குப் பட்டது. எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து நேருக்கு நேர் விளக்கிவிடுவது. சனிக்கிழமை காலை ஊர்த் தமிழர் சங்கத்து மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். முன்னூறு பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் புத்தகம். முன்வரிசையில் அவருடைய மனைவி இந்திராவதி புத்தகமும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

சதேந்திரா அரைமணி நேரம் பேசினார். ஆர்டர் ஃபாரத்தின் நகலைத் தூக்கிக் காட்டினார். விசா ஆபீஸில் இருப்பவர்கள் இந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றார். தன் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, கண் சிமிட்டவும் இல்லை. நம்பிவிட்டார்கள் என்றே தோன்றியது.

கன்னையா எழுந்து நின்றார். நின்றுகொண்டு மேல்துண்டை மடித்தார், பிரித்தார்.

"சரி தம்பி, இது இல்லன்னே வெச்சுக்குவோம். கரும்பு நெலத்து லீஸு முடியப்போவுது. புள்ள அங்க இருக்கான், நாங்க இங்க இருக்கோம். எதைப் படிச்சா விடுவாங்க, அதையாவது சொல்லு."

கன்னையா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். முன்னூறு முகங்களும் சதேந்திராவையே பார்த்தன. ஏதாவது செய்தாக வேண்டும். முன்வரிசையிலிருந்து இந்திராவதியின் புத்தகத்தை வாங்கிப் பதினோராம் பாடத்தைத் திறந்தார்.

"பயப்படுறவங்க முதல்ல மூச்சை மெதுவா விடணும்" என்று ஆரம்பித்தார்.

முன்னூறு பேரும் மூச்சை மெதுவாக விட்டார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வகுப்பு. தெருவில் போனால் 'மாஸ்டர்' என்று கும்பிட்டார்கள். இலவசமாக வந்திருந்த கைடுகளையும் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. சொல்லக்கூடாது, சதேந்திராவுக்கு அதில் ஒரு குஷியும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் பாடப்புத்தகம் விற்றவர், இப்போதுதான் ஒன்றைத் திறந்து நடத்துகிறார். நெட்டுரு போடாதீர்கள், கேட்டதற்கு உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று வாராவாரம் சொன்னார். அதையும் நோட்டில் எழுதி நெட்டுரு போட்டார்கள்.

நான்காவது வாரம் மணியடித்துவிட்டு நாய்க்குச் சோறு வைக்கும் பரிசோதனையை விளக்கினார். சில நாளில் மணிச்சத்தம் கேட்டாலே நாய்க்கு வாயில் எச்சில் ஊறும் என்றார். அதை அங்கே நிறுத்தியிருக்கலாம். ட்ராசாவில் எல்லா வீட்டிலும் நாய் உண்டு. எல்லா வீட்டுப் பூஜை அறையிலும் மணியும் உண்டு. செய்து பார்த்தால்தான் இன்டர்வியூவில் தைரியமாகச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வீடு ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசாரி ஏழுமலை தீபாராதனைக்கு மணியடித்தார். கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்தும் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நாய்கள் ஓடி வந்தன. நாற்பதுக்குக் குறையாது. சந்நிதிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து எச்சில் ஒழுகப் பூசாரியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஏழுமலை மணியை நிறுத்தாமல் அடித்தால் போய்விடும் என்று நினைத்து அடித்துக்கொண்டே இருந்தார், மேலும் வந்தன. கடைசியில் பிரசாதமாகச் செய்து வைத்திருந்த சர்க்கரைப் பொங்கல் முழுவதும் அவற்றுக்கே போயிற்று. கும்பிட வந்த கூட்டத்துக்கு ஒரே பரவசம். புத்தகத்தில் போட்டிருப்பது ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஏழுமலை மட்டும் சதேந்திராவோடு ஒரு மாதம் பேசவில்லை.

அக்டோபர் கடைசியில் முதலாளி ராஜேந்திரா வந்தார். விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தவரைச் சதேந்திரா வாசலிலேயே பிடித்து, பெட்டி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ராஜேந்திரா உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு பெட்டிகூட இல்லை. வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். கடையை மூடப்போவதில்லை, இந்த மாதிரி நேரத்திலும் இப்படி வியாபாரம் பார்க்கிற ஆளை எங்கே தேடுவது என்று சதேந்திராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆக்லாந்துக்குத் திரும்புவதற்கு முன் தன் கையாலேயே ஆர்டர் ஃபாரம் நிரப்பினார். ஐம்பது பெட்டி.

அன்று சாயங்காலம் வீட்டில் இந்திராவதி அவர் முன்னால் ஒரு கடிதத்தை வைத்தாள். வெளிநாட்டில் இருக்கும் அவள் அண்ணன் ஜாமீன் கொடுத்து, அவள் மே மாதமே இரண்டு பேருக்கும் மனுப் போட்டிருந்தாள். அவருடைய கையெழுத்தை மற்ற காகிதங்களோடு சேர்த்து வாங்கியிருந்தாள். நவம்பர் பன்னிரண்டாம் தேதி சூவாவில் இன்டர்வியூ.

சதேந்திரா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. ரேடியோவில் செய்தி ஆரம்பித்ததும் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொள்கிற காலம் அது. அவளுக்குப் பயம் இருந்தது. அதை அவர்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"போவலாம். ஆனா ஒண்ணு, நான் அந்தப் புஸ்தகத்தைத் தொடமாட்டேன்" என்றார்.

"ஊருக்கே நடத்துறீங்க. உங்களுக்கு மட்டும் இன்னா?"

"சம்பந்தம் இல்லன்னு குலதெய்வத்து மேல ஆணை வெச்சிருக்கேன். அங்க போய் நானே அதுலருந்து எடுத்துச் சொன்னா நான் மனுஷனா? கேட்டா மனசுல இருக்கிறதைச் சொல்லுவேன்."

இந்திராவதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சமையல்கட்டிலிருந்து அறுபத்து நான்காம் பக்கம் தினமும் கேட்டது.

சூவாவுக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வழியில் மூன்று இடத்தில் ராணுவம் நிறுத்திப் பை பையாகச் சோதித்தது. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு மண்டைப் புஸ்தகம் வெளியே வந்தது. மூன்றாவது இடத்தில், தானும் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பதாக ஒரு சிப்பாய் சொன்னான்.

முதலில் இந்திராவதியைக் கூப்பிட்டார்கள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்தாள். முகம் பூரித்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சதேந்திராவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே கண்ணாடி போட்ட வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மனுவில் இந்திராவதி அவருடைய வேலையைக் குமாஸ்தா என்று மட்டும்தான் போட்டிருந்தாள். அந்த அம்மாளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தாள்.

அறுபத்து நான்காம் பக்கம் சதேந்திராவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார். கோபம் வந்தால் தோட்டத்துக்குப் போய்க் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன் என்றார். அது உண்மைதான்.

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சின்ன வயதில் உங்கள் மனதை அதிகம் பாதித்தது எது என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒரே சட்டைதான் இருந்தது, அதை வியாழக்கிழமை தோய்ப்பார்கள், அதனால் வெள்ளிக்கிழமை ஈரச்சட்டையோடு போவேன் என்றார். இப்படி ஒருவரிடமும் சொன்னதில்லை.

அடுத்து அவள் ஒரு காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். நடுவில் பெரிதாக, மடித்து விரித்ததுபோல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மை கொட்டியிருந்தது. இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

சதேந்திரா மரியாதையாகக் காகிதத்தை ஓரத்தில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். மை கொட்டிவிட்டது அம்மா, பரவாயில்லை, வேறு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் மனதில் இருந்ததையே சொன்னார். இருபத்தைந்து பெட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து இப்படி லேசாக அவர் மூச்சு விட்டதில்லை. வெளியில் காத்திருக்கும் அத்தனை பேர் சார்பிலும், அந்தப் புத்தகம் இல்லாமலே ஒரு மனிதன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியும் என்று காட்டிவிட்டதாக அவருக்கு நிறைவாக இருந்தது.

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவதுபோல் இதமாகச் சொன்னாள்.

"உங்க மனைவி எவ்வளவு நல்லாப் பதில் சொன்னாங்க, நீங்க ஒருத்தர்தான் எதையுமே படிக்காம வந்திருக்கீங்க, லௌடோகாவில ஒரு கடையில சைக்காலஜி பாடப்புத்தகம் விக்கிறாங்களாம், நாங்களும் அங்கருந்துதான் வரவழைச்சோம், அதை வாங்கி நல்லாப் படிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க."